பெருந்தமனி வால்வு மாற்று சிகிச்சையும் இதயப் படமெடுப்பும்: ஒரு வரலாறு

பெருந்தமனி வால்வு என்பது இதயத்தின் இடது கீழறைக்கும், உடலின் மிகப் பெரிய தமனியான பெருந்தமனிக்கும் இடையில் உள்ள மூன்றிதழ்க் கதவு ஆகும். இதயம் சுருங்கும்போது இது திறந்து இரத்தத்தை வெளியே விடுகிறது. விரியும்போது மூடிக்கொண்டு இரத்தம் திரும்பி வராமல் தடுக்கிறது. நலமாக உள்ளவரிடம் இந்த வால்வு முழுதாகத் திறக்கும்போது அதன் வாயின் பரப்பு 3 முதல் 4 சதுர செ.மீ. வரை இருக்கும். முதுமையாலோ, பிறவியிலேயே இரண்டு இதழ்களுடன் அமைந்துவிட்டதாலோ, சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சலாலோ இதழ்கள் தடித்து, சுண்ணாம்பு படிந்து இறுகும்போது அந்த வாய் 1 சதுர செ.மீ.க்கும் கீழே குறுகிவிடலாம். இதுவே கடுமையான பெருந்தமனி வால்வுச் சுருக்கம் எனப்படுகிறது. இதைக் கரைக்க மருந்து இல்லை. பழைய வால்வை வெட்டி எடுத்துவிட்டுப் புதியதைத் தைப்பது, அல்லது பழைய வால்வுக்குள்ளேயே குழாய் வழியாகப் புதியதைக் கொண்டுபோய் விரிப்பது ஆகிய இரண்டே இன்றுள்ள தீர்வுகள்.

ஒரே மருத்துவரிடம், ஒரே வகை வால்வைப் பொருத்திக்கொண்ட இருவரில் ஒருவர் ஆறு மாதத்தில் மாடிப்படி ஏறி இறங்குவார். மற்றவர் அதே மூச்சுத்திணறலோடு மீண்டும் மருத்துவமனைக்கு வருவார். புதிய வால்வு இருவரிடமும் நன்றாகவே வேலை செய்துகொண்டிருக்கும். வேறுபாடு பெரும்பாலும் வால்வுக்குப் பின்னால், பல ஆண்டுகளாக அந்தக் குறுகிய வாயை எதிர்த்துத் தள்ளிய இதயத் தசையில் இருக்கிறது. அந்த வேறுபாட்டைச் சிகிச்சைக்கு முன்பே கண்டுகொள்ள இதயப் படமெடுப்பு எழுபது ஆண்டுகளாக முயன்று வருகிறது. இந்த முயற்சியில் படங்கள் உயிர் காத்த இடங்களும் உண்டு. படத்தைப் பார்த்துச் சொன்ன ஆரூடம், பயன் பெறக்கூடியவர்களையே சிகிச்சையிலிருந்து தள்ளி நிறுத்திய இடங்களும் உண்டு.

அறிகுறிகளை நம்பிய காலம்

பெருந்தமனி வால்வு நோய்க்காக முதல் செயற்கை வால்வை 1952இல் வாஷிங்டனில் சார்லஸ் ஹஃப்நாகல் பொருத்தினார். நின்றுபோன இதயத்துக்குள் வேலை செய்ய அன்று வழி இல்லாததால், வால்வு இருக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, கீழிறங்கும் பெருந்தமனியில் அதை வைத்தார். இதய நுரையீரல் இயந்திரம் வந்த பிறகு, 1960 மார்ச்சில் பாஸ்டனில் டுவைட் ஹார்க்கன் கூண்டுக்குள் பந்து அமைந்த வால்வை அதன் சொந்த இடத்திலேயே பொருத்தினார். அதே ஆண்டு ஓரிகன் மாநிலத்தில் ஆல்பர்ட் ஸ்டாரும் பொறியாளர் லோவெல் எட்வர்ட்ஸும் ஈரிதழ் வால்வுக்காகச் செய்த பந்து வால்வு, விரைவில் பெருந்தமனி வால்வுக்கும் பயன்பட்டது.

அறுவை ஆபத்தானதாக இருந்த அந்நாட்களில் யாரை, எப்போது அறுவை மேசையில் கிடத்துவது என்ற கேள்வி கடுமையாக எழுந்தது. 1968இல் ஜான் ராஸும் யூஜின் பிரௌன்வால்டும் வெளியிட்ட கட்டுரையில் இருந்த ஒரு வரைபடம் அதற்கு விடையாக அமைந்தது. நோயாளி பல ஆண்டுகள் எந்தத் தொல்லையும் இல்லாமல் இருக்கிறார். கோடு ஏறத்தாழச் சமமாகச் செல்கிறது. அறிகுறி தோன்றியதும் கோடு மலைச்சரிவுபோல் இறங்குகிறது. நெஞ்சுவலி தொடங்கினால் சராசரியாக 5 ஆண்டுகள், மயக்கம் வந்தால் 3, இதயச் செயலிழப்பு ஏற்பட்டால் 2 என்று அந்தப் படத்தை வைத்தே தலைமுறை தலைமுறையாக மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்தனர். பெருந்தமனி வால்வு நோயின் எதிர்காலத்தைச் சொல்லி மிகப் பரவலாக அச்சான படத்தில் இதயமே இல்லை என்பது ஒரு வேடிக்கை.

அந்த வரைபடம் பழைய ஆய்வுகளையும் பிரேதப் பரிசோதனைகளையும் திரட்டி வரையப்பட்டது. அதில் குறிக்கப்பட்ட சராசரி இறப்பு வயது 63. இன்று இந்நோயோடு வருபவர்களில் பெரும்பாலோர் எழுபது, எண்பது வயதைத் தாண்டியவர்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. மூச்சு வாங்குகிறது என்று முதியவர்கள் உடனே சொல்வதில்லை. சந்தைக்கு நடப்பதை நிறுத்திவிடுவார்கள். மாடி அறையிலிருந்து கீழ் அறைக்கு மாறிவிடுவார்கள். கேட்டால் தொல்லை ஒன்றுமில்லை என்பார்கள். அறிகுறியை மட்டும் நம்பிய முடிவு அவர்களிடம் தாமதமாகவே வந்து சேர்ந்தது.

வாயின் அளவு

வால்வின் வாய் எவ்வளவு குறுகியிருக்கிறது என்பதை உயிருள்ளவரிடம் கணக்கிட முதல் வழியை 1951இல் ரிச்சர்ட் கார்லின் என்ற இளம் மருத்துவரும், பொறியாளரான அவருடைய தந்தையும் சேர்ந்து வகுத்தனர். குழாயில் ஓடும் நீருக்கான விதியை இதயத்துக்குப் பொருத்தி, வால்வின் இரு பக்க அழுத்த வேறுபாட்டிலிருந்தும் இரத்த ஓட்டத்திலிருந்தும் பரப்பைக் கண்டனர். தகப்பனும் மகனும் எழுதிய அந்தச் சூத்திரம் முப்பது ஆண்டுகள் கோலோச்சியது.

ஆனால் அந்த அழுத்தத்தை அளக்க இதயத்துக்குள் குழாய் நுழைய வேண்டும். இறுகிப்போன வால்வின் ஊடாகக் குழாயைத் தள்ளுவது, பெயர்ந்து வரக் காத்திருக்கும் சுண்ணாம்பின் மீது உரசுவது. அதன் விலை பல ஆண்டுகள் கழித்தே கண்ணுக்குத் தெரிந்தது. 2003இல் ஜெர்மனியின் பான் நகர மருத்துவர்கள், இவ்வாறு குழாய் செலுத்தப்பட்ட 101 பேரின் மூளையைக் காந்த அதிர்வு முறையில் படமெடுத்தனர். 22 பேரின் மூளையில் புதிய சிறு பாதிப்புகள் இருந்தன. 3 பேருக்கு அது வெளிப்படையான நரம்புக் குறைபாடாகவே இருந்தது. அதற்குள் வெளியிலிருந்தே அளக்கும் வழி வந்து இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது.

கப்பல் கட்டும் தளத்திலிருந்து இரவல் வாங்கிய கருவி

அந்த வழி சுவீடனின் லுண்ட் நகரில் தொடங்கியது. அங்கே இங்கே எட்லர் என்ற இதய மருத்துவரின் பொறுப்பு, அறுவைக்குப் போகிறவர்களை முன்கூட்டிச் சோதிப்பது. அக்காலத்தில் ஈரிதழ் வால்வுச் சுருக்கத்துக்கு, துடிக்கும் இதயத்துக்குள் வாயை அகட்டிவிடும் அறுவை நடந்து வந்தது. சுருக்கம் மட்டும் உள்ளவருக்கு அது வரம். வால்வில் கசிவும் இருந்தால், அகட்டியதால் கசிவு பெருகி நோயாளியின் நிலை மோசமாகும். இரண்டையும் பிரித்தறிய எட்லரிடம் நம்பகமான கருவி இல்லை. இதய எக்கோ பிறந்ததற்குக் காரணமே, அறுவையால் யாருக்குப் பயன், யாருக்குக் கேடு என்ற கேள்விதான் என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம்.

போர்க்காலத்தில் பெயர்பெற்ற ரேடாரை இதயத்தைப் பார்க்கப் பயன்படுத்தலாமா என்று எட்லர், இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்சிடம் கேட்டார். ஹெர்ட்ஸ் மீயொலியைப் பரிந்துரைத்தார். உலோகப் பற்றவைப்பில் விரிசல் உள்ளதா என்று பார்க்க, மால்மோ நகரின் கோக்கம்ஸ் கப்பல் கட்டும் தளத்தில் மீயொலிக் கருவி ஒன்று இருந்தது. அதை ஒரு வார இறுதிக்கு இரவல் வாங்கி, ஹெர்ட்ஸ் தம் மார்பின் மீதே வைத்துப் பார்த்தார். இதயம் இருக்கும் ஆழத்திலிருந்து அசையும் எதிரொலி ஒன்று திரும்பி வந்தது. ஹெர்ட்சின் தந்தை, நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் குஸ்தாவ் ஹெர்ட்ஸ், முன்பு சீமென்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தை நடத்தியவர். அந்தத் தொடர்பால் சீமென்ஸ் ஒரு கருவியைக் கடனாகத் தந்தது. 1953 அக்டோபர் 29 அன்று அசையும் இதயத்தின் எதிரொலியை எட்லரும் ஹெர்ட்சும் முதன்முதலாகப் பதிவு செய்தனர்.

தொடக்கத்தில் அவர்கள் பார்த்தது படம் என்று சொல்லத்தக்கதன்று. நேரத்தோடு ஏறி இறங்கும் சில கோடுகள். அவற்றுள் வேகமாக அசைந்த ஒன்றை எட்லர் முதலில் இடது மேலறையின் சுவர் என்று எண்ணினார். பிரேதப் பரிசோதனையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அது ஈரிதழ் வால்வின் முன் இதழ் என்பது தெளிவாயிற்று. அமெரிக்காவில் 1960களில் ஹார்வி ஃபெய்கன்பாம் இந்த முறையைக் கையிலெடுத்து, கற்பித்து, 1972இல் பாடநூலும் எழுதினார். எட்லருக்கும் ஹெர்ட்சுக்கும் 1977இல் லாஸ்கர் விருது கிடைத்தது.

ஆயினும் எக்கோவால் வால்வின் அசைவைக் காண முடிந்ததே தவிர, வால்வைக் கடக்கும் இரத்தத்தின் அழுத்தத்தைச் சொல்ல முடியவில்லை. அந்தக் குறையை நார்வேயின் ட்ரொண்ட்ஹெய்ம் நகரில் தீர்த்தனர். மீயொலி, ஓடும் இரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் மாறுகிறது. கிறிஸ்டியன் டாப்ளர் 1842இல் விண்மீன்களின் ஒளிக்காகச் சொன்ன விளைவுதான் இது. மாறிய அளவிலிருந்து இரத்தத்தின் வேகம் தெரியும். இதய மருத்துவர் லிவ் ஹாட்லேயும் பொறியாளர் பியோர்ன் ஆங்கெல்சனும் அந்த வேகத்தை அழுத்தமாக மாற்ற எளிய கணக்கைக் கையாண்டனர். வினாடிக்கு மீட்டரில் வேகத்தை எடுத்து, அதன் வர்க்கத்தை நான்கால் பெருக்கினால் வால்வின் இரு பக்கத்துக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு மி.மீ. பாதரசத்தில் கிடைக்கும். நலமான வால்வில் வேகம் வினாடிக்கு 1 மீட்டரைச் சற்றே தாண்டும். 4 மீட்டர் என்றால் வேறுபாடு 64. 5 மீட்டர் என்றால் 100. தோட்டக் குழாயின் நுனியை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீறிடுவதுபோல், வாய் குறுகக் குறுக வேகம் கூடும்.

1980இல் அவர்கள் பெருந்தமனி வால்வுச் சுருக்கத்தில் இந்த முறையைக் குழாய் அளவீட்டோடு ஒப்பிட்டு வெளியிட்டனர். 1985இல் ஹாட்லேயின் குழுவினர் வால்வின் பரப்பையும் எக்கோவாலேயே கணக்கிட்டுக் காட்டினர். அதற்குப் பிறகு ஊசியும் குழாயும் இன்றி, வாயின் அளவை ஒருவரிடம் ஆண்டுதோறும் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்க முடிந்தது. நோயின் போக்கைத் தொடர்ந்து அறிவதற்கு அதுதான் வழி திறந்தது.

வேகம் சொன்ன எதிர்காலம்

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கேத்தரின் ஓட்டோவும் அவருடைய குழுவினரும், அறிகுறி இல்லாத 123 பேரை எக்கோவால் தொடர்ந்து கவனித்து 1997இல் முடிவை வெளியிட்டனர். தொடக்கத்தில் இரத்த வேகம் 3 மீட்டருக்குக் கீழே இருந்தவர்களில் 84 விழுக்காட்டினர் இரண்டு ஆண்டுகள் கழித்தும் இறப்போ வால்வு மாற்றமோ இல்லாமல் இருந்தனர். 4 மீட்டருக்கு மேல் இருந்தவர்களில் அந்த நிலை 21 விழுக்காட்டினருக்கே வாய்த்தது. 2000இல் வியன்னாவிலிருந்து ரோசன்ஹெக் குழுவினர், அறிகுறியற்ற கடுமையான சுருக்கமுள்ள 128 பேரைப் பற்றி எழுதினர். வால்வில் சுண்ணாம்பு இல்லாதவர் அல்லது சிறிதே உள்ளவர்களில் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு 75 விழுக்காட்டினர் நலமாக இருந்தனர். சுண்ணாம்பு மிகுந்தவர்களில் 20 விழுக்காட்டினரே அப்படி இருந்தனர்.

இவை எல்லாம் வால்வைப் பற்றிய ஆரூடங்கள். எப்போது மாற்ற வேண்டிவரும் என்பதை அவை சொல்லின. மாற்றிய பின் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தசையைப் பார்க்க வேண்டும். அதற்கு நெடுங்காலம் ஒரே ஓர் அளவுதான் இருந்தது. அது வெளியேற்ற விகிதம், அதாவது இடது கீழறை தன்னிடமுள்ள இரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை விழுக்காட்டை வெளியே தள்ளுகிறது என்பது. இது 50க்குக் கீழே விழுந்தால், அறிகுறி இல்லாவிட்டாலும் வால்வை மாற்ற வேண்டும் என்று நெறிமுறைகள் கூறுகின்றன. ஆனால் இந்த எண் தாமதமாகவே விழும். எதிர்ப்பைத் தாங்கச் சுவர் தடிக்கிறது, உள்ளறை சிறுக்கிறது. சிறிய அறையைப் பிழிவதற்குப் பெரிய வலிமை தேவையில்லை. தசை நைந்துகொண்டிருக்கும்போதே விகிதம் 60 என்று காட்டி எல்லாரையும் நிம்மதியாக இருக்க வைக்கும்.

பின்னாளில் எக்கோ படத்தில் தசையின் புள்ளிகளைப் பின்தொடர்ந்து, அது நீளவாக்கில் எவ்வளவு சுருங்குகிறது என்று அளக்கும் முறை வந்தது. அறிகுறியற்ற 1067 பேரின் தரவுகளைத் திரட்டிய 2019ஆம் ஆண்டின் ஆய்வு, இந்தச் சுருக்கம் 14.7 விழுக்காட்டுக்குக் கீழே போனவர்களிடம் இறப்பு அதிகம் என்று கண்டது. அவர்களின் வெளியேற்ற விகிதம் அதுவரை எச்சரிக்கை எதுவும் தரவில்லை.

வலுவிழந்த இதயங்களும் தவறிய ஆரூடமும்

இந்த வரலாற்றில் மிகவும் கவனிக்கத்தக்க பகுதி, இதயம் ஏற்கெனவே தளர்ந்துவிட்ட நோயாளிகளைப் பற்றியது. 1980இல் பிளேஸ் கராபெல்லோவும் உடன் பணியாற்றியவர்களும், கடுமையான வால்வுச் சுருக்கத்தோடு முற்றிய இதயச் செயலிழப்பும் கொண்ட 14 பேரை ஆராய்ந்தனர். வால்வின் இரு பக்க அழுத்த வேறுபாடு உயர்ந்திருந்தவர்கள் அறுவைக்குப் பின் தேறினர். வேறுபாடு குறைவாக இருந்தவர்கள் தேறவில்லை. காரணம் விளங்கத்தக்கதே. வேறுபாடு உயர்ந்திருந்தால் தசை இன்னும் தள்ளுகிறது என்று பொருள். சுமையை இறக்கினால் அது எழுந்துகொள்ளும். வேறுபாடு குறைந்திருந்தால் தள்ளும் கையே சோர்ந்துவிட்டது.

இதில் இன்னொரு குழப்பமும் இருந்தது. இதயம் மெல்லத் தள்ளும்போது, ஓரளவே இறுகிய வால்வுகூட முழுதாகத் திறக்காது. அப்போது எக்கோவில் தெரியும் சிறிய வாய்க்குக் காரணம் துருப்பிடித்த கதவா, தளர்ந்த கையா? இதைப் பிரித்தறிய டோபுடமின் என்ற மருந்தைச் சிறிய அளவில் செலுத்தி, இதயத்தைச் சற்று நேரம் வேகமாக வேலை செய்ய வைத்து எக்கோ எடுக்கும் முறை 1990களில் பரவியது. மருந்து ஏறியதும் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தம் குறைந்தது 20 விழுக்காடு கூடினால், தசையில் இருப்பு வலிமை உண்டு எனக் கொண்டனர்.

2003இல் பிரான்சின் மோனாங் தலைமையில் பல மருத்துவமனைகள் சேர்ந்து 136 நோயாளிகளின் முடிவை வெளியிட்டன. இருப்பு வலிமை உள்ளவர்களில் அறுவையின்போதோ அதையொட்டியோ இறந்தவர்கள் 5 விழுக்காடு. இல்லாதவர்களில் 32 விழுக்காடு. மூன்றில் ஒருவர் மேசையிலிருந்து மீளமாட்டார் என்றால், எந்த மருத்துவருக்கும் கை நடுங்கத்தான் செய்யும். இருப்பு வலிமை இல்லை என்ற எக்கோ அறிக்கை, அறுவை வேண்டாம் என்ற தீர்ப்பாகவே பல இடங்களில் படிக்கப்பட்டது.

ஆனால் அந்த ஆய்வு அளந்தது அறுவையின் ஆபத்தை. அறுவை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. 2009இல் பிரான்சின் திரிபூலுவா குழுவினர், இருப்பு வலிமை இல்லாத 81 பேரை மட்டும் எடுத்துப் பார்த்தனர். அறுவை செய்துகொண்டவர்களில் 22 விழுக்காட்டினர் அதையொட்டியே இறந்தனர். அது பெரிய இழப்புதான். இருந்தும் ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அவர்களில் உயிரோடு இருந்தவர்கள் 54 விழுக்காடு. மருந்து மட்டும் கொடுத்துக் காக்கப்பட்டவர்களில் 13 விழுக்காடு. அறுவையைத் தாண்டி வந்தவர்களில் பலரின் இதயம், சோதனையில் எழாத அதே இதயம், மீண்டும் வலிமை பெற்றதையும் அதே பிரெஞ்சு மருத்துவர்கள் 2006இலேயே காட்டியிருந்தனர். மார்பைத் திறக்காமல் வால்வை வைக்கும் முறை பரவிய பிறகு, 287 பேரை ஆராய்ந்த 2018ஆம் ஆண்டின் பதிவேடு ஒன்று, இருப்பு வலிமை இல்லாமை அந்தச் சிகிச்சையின் முடிவை மாற்றவே இல்லை என்று கண்டது. எக்கோ காட்டியது மாறவில்லை. அதற்கு எதிரில் வைக்கப்பட்ட சிகிச்சை மாறியதும் ஆரூடம் பொய்த்தது.

வெளியேற்ற விகிதம் நன்றாக இருந்தும் அழுத்த வேறுபாடு குறைவாகவே தெரியும் நோயாளிகள் வேறொரு கூட்டம். கனடாவின் கியூபெக் நகரில் ஹஷிஷா, துமெனில், பிபாரோ ஆகியோர் கடுமையான சுருக்கமுள்ள 512 பேரைப் பார்த்தபோது, 35 விழுக்காட்டினரிடம் இந்த முரண்பாடு இருந்ததை 2007இல் அறிவித்தனர். தடித்த சுவரும் சிறுத்த அறையும் கொண்ட இவர்களின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் குறைவான இரத்தத்தையே தள்ளுவதால், வேகமும் அழுத்தமும் குறைவாகப் பதிவாகின்றன. இவர்களில் பெண்கள் அதிகம். மிதமான நோய் என்று திருப்பி அனுப்பப்பட்ட இவர்களின் நிலை உண்மையில் மோசமாக இருந்தது. இத்தகையோரிடம் ஐயத்தைத் தீர்க்க, வால்வில் படிந்த சுண்ணாம்பைச் சிடி ஸ்கேனில் எண்ணும் முறை கைகொடுத்தது. அதிலும் ஆண்களுக்கு 2000, பெண்களுக்கு 1200 என்று தனித்தனி எல்லை வைக்க வேண்டியிருந்தது. பெண்களின் வால்வு சுண்ணாம்பைவிட நார்த்திசுவால் அதிகம் இறுகுவதே காரணம். ஆண்களின் எல்லையையே எல்லாருக்கும் வைத்திருந்தால் பெண்கள் பலர் மீண்டும் விடுபட்டிருப்பார்கள்.

தசையில் விழுந்த தழும்பு

வால்வு மாற்றத்துக்குப் பின் தசையில் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொன்னவை படங்கள் அல்ல, நுண்ணோக்கியில் வைத்த திசுத் துணுக்குகள். 1989இல் சூரிக் நகரின் கிரேயன்பூல் குழுவினர், அறுவைக்கு முன்னும், சுமார் 18 மாதங்களுக்குப் பின்னும், 70 மாதங்களுக்குப் பின்னும் எடுத்த துணுக்குகளை ஒப்பிட்டனர். தடித்த தசை முதலில் மெலிந்தது. இடையில் வளர்ந்த நார்த்திசு ஆண்டுக்கணக்கில் மெதுவாகவே குறைந்தது. ஆனால் இதயத்தில் ஊசி செலுத்தித் துணுக்கு எடுப்பதை எல்லாரிடமும் செய்ய முடியாது.

காந்த அதிர்வுப் படம், அதாவது எம்.ஆர்.ஐ., இதைச் சாத்தியமாக்கியது. காடோலினியம் கலந்த மருந்தை நரம்பில் செலுத்தினால், அது உயிரணுக்களுக்குள் புகாமல் அவற்றுக்கு இடையிலுள்ள வெளியில் பரவி, சில நிமிடங்களில் வடிந்துவிடும். அணுக்கள் இறந்து தழும்பான இடத்தில் வெளி அகன்றிருப்பதால் மருந்து அங்கே தங்கும். பத்து நிமிடம் கழித்து எடுக்கும் படத்தில் நலமான தசை கறுப்பாகவும் தழும்பு வெள்ளையாகவும் தெரியும். மாரடைப்பின் தழும்பு சுவரின் உட்புறத்திலிருந்து பரவும். வால்வுச் சுருக்கத்தின் தழும்போ சுவரின் நடுவில் திட்டுத் திட்டாக விழுகிறது.

2009இல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வைடமன் குழுவினர், வால்வு மாற்றத்துக்கு முன்பும் ஒன்பது மாதங்களுக்குப் பின்பும் 58 பேரைப் பார்த்தனர். தழும்பு அதிகம் உள்ளவர்களின் மூச்சுத்திணறல் குறைவாகவே தணிந்தது. தழும்பு அப்படியே இருந்தது. 2011இல் லண்டனில் மார்க் டுவெக் குழுவினர் 143 நோயாளிகளில், சுவரின் நடுவே தழும்பு உள்ளவர்களிடம் இறப்பு, இல்லாதவர்களைவிட எட்டு மடங்குக்கும் மேல் என்று கண்டனர். 2018இல் பிரிட்டனின் ஆறு மையங்கள் சேர்ந்து, வால்வு மாற்றத்துக்கு முன் எம்.ஆர்.ஐ. எடுத்த 674 பேரின் கதியை வெளியிட்டன. ஏறத்தாழ பாதிப் பேரிடம் தழும்பு இருந்தது. சுமார் மூன்றரை ஆண்டுகளில் தழும்பு உள்ளவர்களில் 26.4 விழுக்காட்டினரும், இல்லாதவர்களில் 12.9 விழுக்காட்டினரும் இறந்தனர். இடது கீழறையின் தசையில் தழும்பு ஒரு விழுக்காடு கூடக்கூட இறப்பின் வாய்ப்பு 11 விழுக்காடு கூடியது. அறுவையா, குழாய்வழிச் சிகிச்சையா என்பதால் இது மாறவில்லை.

அதே ஆண்டு லண்டனில் ட்ரைபல் குழுவினர் 116 பேரை வால்வு மாற்றத்துக்கு முன்பும் ஓராண்டுக்குப் பின்பும் படமெடுத்து, நுண்ணோக்கி முன்பு சொன்னதை உயிருள்ள இதயத்தில் உறுதி செய்தனர். அணுக்களுக்கிடையே மெல்லியதாகப் பரவிய நார்த்திசு, சுமை இறங்கியதும் கரைகிறது. திட்டாக விழுந்துவிட்ட தழும்பு கரைவதில்லை. எட்லரின் கேள்வியைக் கேட்கும் இன்றைய மருத்துவருக்கு இந்த ஒரு வேறுபாடு முக்கியமானது: எது மீளும், எது மீளாது என்பதைப் படத்தில் பிரித்துக் காட்ட முடிகிறது.

இதயம் முழுவதும்

பாதிப்பு இடது கீழறையோடு நிற்பதில்லை. அழுத்தம் பின்னோக்கித் தேங்கி மேலறையையும், நுரையீரல் தமனிகளையும், கடைசியில் இதயத்தின் வலப் பக்கத்தையும் எட்டுகிறது. 2017இல் பிலிப் ஜெனெரூ குழுவினர் இதை, சாதாரண எக்கோவிலேயே தெரியும் ஐந்து படிகளாக வகுத்தனர். பாதிப்பே இல்லாதது 0. இடது கீழறை பாதித்தது 1. இடது மேலறையும் ஈரிதழ் வால்வும் பாதித்தது 2. நுரையீரல் தமனியும் மூவிதழ் வால்வும் பாதித்தது 3. வலது கீழறையும் தளர்ந்தது 4. வால்வு மாற்றிய 1661 பேரில் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் முதல் படியில் 4.4 விழுக்காடு, பின் முறையே 9.2, 14.4, 21.3; கடைசிப் படியில் 24.5. விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாத மருத்துவமனையிலும் இந்தப் படிகளை எண்ணிவிடலாம் என்பது இதன் பெரிய நன்மை.

இந்த ஆய்வில் இருந்தவர்கள் பலரும், பிரான்சின் ரூவான் நகரில் அலாங் கிரிபியே 2002 ஏப்ரலில் தொடங்கிவைத்த குழாய்வழி வால்வைப் பெற்றவர்கள். அந்தச் சிகிச்சையை அறுவைக்குத் தகுதியற்றவர்களிடம் சோதித்த 2010ஆம் ஆண்டின் ஆய்வில், வழக்கமான மருத்துவத்தில் விடப்பட்டவர்களில் 50.7 விழுக்காட்டினர் ஓராண்டில் இறந்தனர்; புதிய வால்வைப் பெற்றவர்களில் 30.7 விழுக்காட்டினர். மாபெரும் வெற்றி எனக் கொண்டாடப்பட்ட இந்த எண், வால்வு வைத்தும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஓராண்டைத் தாண்டவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னது. இங்கே படமெடுப்பின் பங்கு முடிவை முன்கூட்டிச் சொல்வதோடு நிற்கவில்லை; முடிவை மாற்றவும் செய்தது. வால்வு பொருந்தும் வளையம் வட்டமன்று, நீள்வட்டம். எக்கோவில் ஒரு குறுக்களவை மட்டும் பார்த்துத் தேர்ந்த வால்வு சிறிதாகிப் போய், ஓரங்களில் இரத்தம் கசிந்தது. அந்தக் கசிவு உள்ளவர்கள் அதிகம் இறந்தனர். சிடி ஸ்கேனில் வளையம் முழுவதையும் அளந்து வால்வைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியதும் கசிவு வெகுவாகக் குறைந்தது.

முதியவர்களின் தசையில் அமிலாய்டு என்ற புரதம் படிவது இன்னொரு மறைந்த காரணம். குழாய்வழி வால்வு பெற்ற 151 பேரைக் கதிரியக்க ஸ்கேனில் பார்த்த நியூயார்க் ஆய்வு ஒன்று, 16 விழுக்காட்டினரிடம் அது இருந்ததை 2017இல் கண்டது. அமிலாய்டு இருந்தால் வால்வு மாற்றிப் பயனில்லை என்ற கருத்தும் உடனே எழுந்தது. 407 பேரைப் பார்த்த 2021ஆம் ஆண்டின் பன்னாட்டு ஆய்வு, அவர்களுக்கும் வால்வு மாற்றம் ஆயுளை நீட்டுகிறது என்று காட்டியது. டோபுடமின் கதையேதான் மீண்டும்.

படத்தைப் பார்த்து முந்திக்கொள்ளலாமா?

மீளாத தழும்பு விழுகிறது என்றால், அது தெரிந்தவுடன், அறிகுறிக்குக் காத்திராமல் வால்வை மாற்றினால் என்ன? இந்தக் கேள்வியை நேரடியாகச் சோதித்தது 'எவால்வ்ட்' எனப்படும் ஆய்வு. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் 24 மையங்களில், அறிகுறியற்ற கடுமையான சுருக்கமும் சுவரின் நடுவே தழும்பும் கொண்ட 224 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தனர். ஒரு பிரிவுக்கு உடனே வால்வு மாற்றம். மற்றப் பிரிவுக்கு வழக்கமான காத்திருப்பு. 2024 அக்டோபரில் முடிவு வந்தது. இறப்பு அல்லது வால்வு நோயால் திடீரென மருத்துவமனையில் சேர்தல், முதல் பிரிவில் 18 விழுக்காடு, இரண்டாவதில் 23. இந்த வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதால், தழும்பைப் பார்த்து முந்திக்கொள்வது உயிர் காக்கும் என்று அந்த ஆய்வால் நிறுவ முடியவில்லை. திட்டமிட்டதைவிடக் குறைவானவர்களே சேர்ந்ததும் ஒரு காரணம். மருத்துவமனையில் திடீரெனச் சேர்வது மட்டும் 17இலிருந்து 6 விழுக்காடாகக் குறைந்தது.

அதே மாதம் வெளியான அமெரிக்கா, கனடா ஆய்வொன்று, தழும்பைத் தேடவே இல்லை. அறிகுறியற்ற கடுமையான சுருக்கமுள்ள 901 பேரில் பாதிப் பேருக்கு உடனே குழாய்வழி வால்வு வைத்தது. இறப்பு, பக்கவாதம், எதிர்பாராத இதய நோய்ச் சேர்க்கை ஆகிய மூன்றில் ஒன்றேனும் நேர்ந்தவர்கள் 26.8 விழுக்காடு, காத்திருந்தவர்களில் 45.3. இறப்பில் பெரிய வேறுபாடு இல்லை, முறையே 8.4, 9.2 விழுக்காடு. காத்திருந்தவர்களில் 87 விழுக்காட்டினர் ஆய்வு முடிவதற்குள் வால்வு மாற்றிக்கொண்டனர். அவர்களின் காத்திருப்பு நடுமதிப்பில் 11 மாதங்களே நீடித்தது.